கூலிக் கணக்கோடு கடைக்குப் போவது: வஹாக்கா கைவினைப் பொருட்கள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

தென் மெக்சிகோவில், வஹாக்கா நகரிலிருந்து ஒகோட்லான் போகும் சாலையில் பன்னிரண்டு கிலோமீட்டர் சென்றால் சான் பார்த்தோலோ கொயோதெபெக் என்ற சிற்றூர் வரும். பளபளக்கும் கறுப்பு மண் ஜாடிகள் இங்கிருந்துதான் உலகம் முழுக்கப் போகின்றன. அதே சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் மரத்தில் விலங்கு செதுக்கும் சான் மார்ட்டின் தில்கஹெதே. அப்புறம் இடுப்புத்தறியில் நெய்யும் சாந்தோ தோமாஸ் ஹாலியேசா. முடிவில் வெள்ளிக்கிழமைதோறும் சந்தை கூடும் ஒகோட்லான். நகரத்துக்குக் கிழக்கே கம்பளி விரிப்பு நெய்யும் தெயோடிட்லான் டெல் வாயே, ஞாயிறு சந்தைக்குப் பேர்போன ட்லகொலூலா.

குறைந்த செலவில் நல்ல மெக்சிகோ கைவினைப் பொருட்களை வாங்கி வீட்டை அழகுபடுத்த முடியுமா என்ற கேள்விக்கு இந்த ஊர்கள் அடங்கிய பள்ளத்தாக்கை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. பொருள் பிறக்கும் வீடு, அது கைமாறும் சந்தை, அதே பொருள் விளக்கு வெளிச்சத்தில் விலை ஏறி நிற்கும் கடை, இந்த மூன்றும் இங்கே ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரே பொருளின் விலை எங்கே, எதனால் மாறுகிறது என்பதை இவ்வளவு தெளிவாகப் பார்க்க வாய்ப்புள்ள இடங்கள் குறைவு.

நான் சொல்ல வருவது இது: விலை குறைவாக இருப்பதற்கு இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, அந்தப் பொருளைச் செய்யக் குறைந்த நேரமே பிடித்திருக்க வேண்டும். இல்லையென்றால், பிடித்த நேரத்துக்கு யாருக்கோ கூலி போய்ச் சேரவில்லை. வாங்குகிறவர் முதல் வகையைத் தேடிப் போகலாம், போக வேண்டும். நல்ல செய்தி என்னவென்றால் முதல் வகையில் அழகான பொருட்கள் ஏராளம்.

கறுப்பு ஜாடி

கொயோதெபெக்கின் மண் கலங்கள் முதலில் அலங்காரப் பொருட்களே அல்ல. தண்ணீரும் மெஸ்கால் சாராயமும் கொண்டுபோகும் சாம்பல் நிறக் குடங்களாகத்தான் அவை பல நூற்றாண்டுகள் இருந்தன. பளபளப்பு கிடையாது, தட்டினால் மணிபோல ஒலிக்கும் கெட்டியான கலம். இந்த ஊரில் குயவர் சக்கரம் சுழற்றுவதில்லை. ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் இன்னொரு தட்டை நிமிர்த்தி வைத்து, மேல்தட்டில் களிமண்ணை வைத்துக் கையால் சுற்றிக்கொண்டே கலத்தை எழுப்புகிறார்கள். ஸ்பானியர் வருவதற்கு முந்தைய முறை, இன்றும் அப்படியே.

1950களில் ரோசா ரியால் மத்தேயோ என்ற பெண் குயவர் (1900–1980, ஊர் அவரைத் தோன்யா ரோசா என்றே அழைக்கும்) ஒரு மாற்றம் செய்தார். கலம் முழுதாகக் காய்வதற்கு முன் அதன் மேற்பரப்பை வழவழப்பான படிகக் கல்லால் தேய்த்து, பிறகு கொஞ்சம் குறைந்த வெப்பத்தில் சுட்டார். சூளையின் வாயை மண்ணால் அடைத்துவிடுவதால் உள்ளே காற்று போவதில்லை. மண்ணில் இருக்கும் இரும்பு சிவப்பதற்குப் பதில் கறுக்கிறது. தேய்த்த இடம் கண்ணாடிபோல மின்னுகிறது. சாயமோ வார்னிஷோ எதுவும் இல்லை.

இந்தப் பளபளப்புக்கு ஊர் ஒரு விலை கொடுத்தது. குறைந்த வெப்பத்தில் சுட்டதால் கலம் பழையபடி கெட்டியாக இல்லை, தண்ணீரும் தாங்காது. அந்த நேரத்தில் தகர வாளியும் பிளாஸ்டிக் குடமும் வந்து பழைய குடத்தின் வேலையைப் பறித்துக்கொண்டிருந்தன. தண்ணீர் தாங்காத பளபளப்பான ஜாடிக்கோ நகரத்து வீடுகளிலும் வெளிநாட்டிலும் வரவேற்பு இருந்தது. சேகரிப்பாளர் நெல்சன் ராக்ஃபெல்லர் அதை வாங்கினார், அருங்காட்சியகங்கள் வாங்கின. ஒரு ஊரின் தொழில் அலங்காரப் பொருளாக மாறிப் பிழைத்துக்கொண்ட கதை இது. தோன்யா ரோசாவின் குடும்பப் பட்டறை இன்றும் அங்கே நடக்கிறது. ஊர்ச் சதுக்கத்தை ஒட்டி மாநில மக்கள் கலை அருங்காட்சியகமும் இருக்கிறது. அதைப் பல ஆண்டுகள் நடத்தியவர் அதே ஊரில் பிறந்த சிற்பி கார்லோமாக்னோ பெட்ரோ மார்ட்டினெஸ். எதையும் வாங்குவதற்கு முன் அங்கே ஒரு சுற்று சுற்றிவருவது நல்லது. கை எவ்வளவு தூரம் போக முடியும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், கடையில் எது அவசர வேலை என்பதும் தெரிந்துவிடும்.

இனி வாங்குகிறவரின் பக்கம் வருவோம். கறுப்பு ஜாடிகளில் மூன்று தரம் பார்க்கலாம். அச்சில் வார்த்துத் தேய்த்த சின்னப் பறவைகள், மணிகள், விசில்கள். இவை மிக மலிவு. கையால் எழுப்பித் தேய்த்த சாதாரண ஜாடி நடுத்தர விலை. பச்சைக் களிமண்ணில் கத்தியால் பூவும் இலையும் வெட்டி எடுத்து, சல்லடைபோலத் துளைவேலை செய்த ஜாடிகள் விலை கூடியவை. பலரும் அந்தத் துளைவேலையில்தான் மயங்குகிறார்கள். என் கண்ணுக்கு நல்ல வடிவமுள்ள, துளையில்லாத ஒரு ஜாடி அதைவிட மேல். குறைந்த விலைக்கும் கிடைக்கும். துளைவேலை மோசமான வடிவத்தை மறைத்துவிடும், வெறும் ஜாடியில் எதையும் மறைக்க முடியாது. கழுத்து சாயாமல் இருக்கிறதா, கல் தேய்த்த கோடுகள் ஒரே சீராக ஓடுகிறதா, உள்ளே விரல் விட்டால் சுவர் ஒரே கனமாக இருக்கிறதா என்று பாருங்கள். மேற்பரப்பில் எண்ணெய்ப் பசையோ ரசாயன வாசனையோ இருந்தால் அது கல் கொடுத்த மினுமினுப்பு அல்ல.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள்: பளபளப்பான ஜாடியில் தண்ணீர் ஊற்றிப் பூ வைக்கக் கூடாது. காய்ந்த பூவும் புல்லும் வைக்கலாம், விளக்கு வைக்கலாம். தண்ணீர் வேண்டும் என்றால் பழைய சாம்பல் நிறக் கலத்தைக் கேட்டு வாங்குங்கள். இன்றும் சில வீடுகளில் செய்கிறார்கள். அலங்காரம் குறைவு என்பதால் விலையும் குறைவு, ஆனால் நெடுநாள் உழைக்கும்.

கூலிக் கணக்கு

விலை நியாயமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் பரிந்துரைக்கும் அளவுகோல் மெக்சிகோ அரசின் குறைந்தபட்சக் கூலி. 2025இல் வடக்கு எல்லைப் பகுதி நீங்கலாக நாட்டின் மற்ற இடங்களில் அது நாளுக்கு 278.80 பெசோவாக இருந்தது. 2018இல் வெறும் 88.36 பெசோ. ஏழு ஆண்டுகளில் மூன்று மடங்குக்கும் மேல் உயர்ந்திருக்கிறது. பழைய பயணக் குறிப்புகளில் எழுதியிருக்கும் விலைகளை மனதில் வைத்துக்கொண்டு போய், ‘இப்போதெல்லாம் ஏமாற்றுகிறார்கள்’ என்று திரும்புபவர்கள் இந்த ஒரு எண்ணைத் தெரிந்துகொண்டால் போதும்.

கைவினைஞர் கூலிக்காரர் அல்ல, திறமைசாலி. அவருக்குக் குறைந்தபட்சக் கூலியை அளவாக வைப்பதே குறைவுதான். அதனால்தான் இதை அடிமட்டக் கோடாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். விற்பவரிடம் இதைச் செய்ய எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள். அந்த நாட்களைக் கூலியால் பெருக்குங்கள். மூலப்பொருளுக்கு ஒரு தொகை சேருங்கள். வரும் எண்ணைவிட விலை குறைவாக இருந்தால் மூன்றில் ஒன்று நடந்திருக்கிறது: சொன்ன நாட்கள் பொய், அல்லது பொருள் கையால் செய்ததல்ல, அல்லது செய்தவருக்குப் பணம் போகவில்லை. மூன்றுமே வாங்காமல் வருவதற்குப் போதுமான காரணங்கள்.

கம்பளி விரிப்பு: கணக்கு கடுமையாகும் இடம்

இந்த அளவுகோலின் அருமை தெயோடிட்லானில்தான் தெரியும். சபோடெக் பழங்குடி மக்களின் ஊர். நெசவு ஸ்பானியர் வருகைக்கு முன்பே உண்டு. ஆட்டுக் கம்பளியும் மிதிதறியும் ஸ்பானியர் கொண்டுவந்தவை. மித்லா ஊரின் பழங்காலக் கல் சுவர்களில் உள்ள படிக்கட்டு வடிவக் கோலங்கள் விரிப்புகளில் திரும்பத் திரும்ப வரும். சந்தை என்ன கேட்டதோ அதையும் இந்த ஊர் நெய்திருக்கிறது. 1970களில் பிக்காசோ, மீரோ, எஷர் ஓவியங்களைத் தறியில் ஏற்றினார்கள். அமெரிக்கக் கடைகளுக்காக அந்நாட்டுப் பழங்குடியான நவாஹோ மக்களின் பாணிக் கோலங்களையும் நெய்தார்கள்.

சிறிய விரிப்பு ஒன்றுக்கு ஐந்து நாள் தறி வேலை என்று வைத்துக்கொள்வோம். 2025 கணக்கில் கூலி மட்டும் 1,394 பெசோ. கம்பளி, நூற்பு, சாயம் எல்லாம் இதற்கு மேல். ஆக, சந்தையில் 500 பெசோவுக்கு ‘கையால் நெய்தது, இயற்கைச் சாயம்’ என்று ஒருவர் அதே அளவு விரிப்பை நீட்டினால், அந்த இரண்டு சொற்களில் ஒன்றாவது பொய், இல்லையென்றால் நெய்தவருக்குக் கூலி போகவில்லை. பெரும்பாலும் அது அக்ரிலிக் நூல், அல்லது ரசாயனச் சாயம், அல்லது இரண்டும். ரசாயனச் சாயம் குற்றமில்லை. நல்ல ரசாயனச் சாயம் போட்ட கம்பளி விரிப்பு, இருக்கிற பணத்தில் வாங்கக்கூடிய நேர்மையான பொருள். இயற்கைச் சாயம் என்ற பேச்சுக்காகக் கூடுதல் பணம் கொடுத்துவிட்டு ரசாயனச் சாயத்தை வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் நஷ்டம்.

இங்கே சாயத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் விலையின் பெரும்பகுதி அதில் இருக்கிறது. சிவப்புக்குக் கொச்சினீல் பூச்சி. நம்மூர்ச் சப்பாத்திக்கள்ளியின் இனமான நோப்பால் கள்ளியில் வெள்ளைப் பஞ்சுபோல ஒட்டி வளரும். பெண் பூச்சிகளைச் சுரண்டி எடுத்துக் காயவைத்து அரைத்தால் கருஞ்சிவப்புத் தூள். ஒரு கிலோவுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பூச்சிகள் வேண்டும். எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் ஆரஞ்சுச் சிவப்பாகும். சுண்ணாம்பு சேர்த்தால் ஊதாவாகும். நெசவாளர் உள்ளங்கையில் வைத்து இதைச் செய்துகாட்டுவார். நீலத்துக்கு அவுரி, மஞ்சளுக்குக் காட்டுச் சாமந்தி வகைச் செடி, பழுப்புக்கு மாதுளைத் தோலும் கொட்டை ஓடுகளும்.

ஸ்பானிய ஆட்சிக் காலத்தில் மெக்சிகோவிலிருந்து ஏற்றுமதியானவற்றில் வெள்ளிக்கு அடுத்த மதிப்பு இந்தப் பூச்சிக்குத்தான். அந்த ஏகபோகத்தை உடைக்கும் முயற்சி ஒன்று சென்னையிலும் நடந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், இந்தப் பூச்சியை வளர்ப்பதற்காகவே சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். 1795இல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததோ அசல் பூச்சி அல்ல, பிரேசிலிலிருந்து வந்த அதன் காட்டு உறவினம். சாயத்துக்கு அது தேறவில்லை; கள்ளிச் செடிகளை அழித்ததுதான் மிச்சம். கள்ளியும் வெயிலும் இருந்தால் போதாது, அசல் பூச்சியும் அதைத் தலைமுறைகளாக வளர்த்த கைப்பழக்கமும் வேண்டும். வஹாக்காவில் கொச்சினீல் சிவப்புக்குக் கேட்கப்படும் விலையில் அந்தப் பழக்கத்தின் விலையும் அடங்கியிருக்கிறது.

கம்பளியா அக்ரிலிக்கா என்று பார்க்க, விளிம்பிலிருந்து ஒரு நூலைக் கேட்டு வாங்கி நெருப்பில் காட்டச் சொல்லுங்கள். கம்பளி மயிர் கருகும் வாசனையோடு சாம்பலாகும்; அக்ரிலிக் உருகிக் கெட்டியான உருண்டையாகும். பெரும்பாலான நெசவாளர் கேட்காமலே செய்துகாட்டுவார்கள். விரிப்பை இரண்டாக மடித்து ஓரங்கள் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். பின்பக்கமும் முன்பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும்.

பணம் குறைவாக இருப்பவருக்கு என் யோசனை: தரை விரிப்பை விடுங்கள். அதே தறியில், அதே சாயத்தில் செய்த மெத்தை உறை, சுவரில் தொங்கவிடும் சின்னத் துண்டு, கைப்பை இவற்றில் ஒன்றை வாங்குங்கள். ஒரு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி கொடுத்த நிறைவோடு, அசல் கொச்சினீல் சிவப்பு உங்கள் வீட்டில் இருக்கும். பெரிய விரிப்புக்குப் பணம் சேரும்வரை தரை வெறுமையாக இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

மர விலங்குகள்

அலெப்ரிஹே என்று இன்று விற்கப்படும் வண்ண விலங்குகளுக்கு இரண்டு ஊற்றுகள். மெக்சிகோ நகரில் காகிதக்கூழ் உருவங்கள் செய்துவந்த பெட்ரோ லினாரெஸ் (1906–1992) 1936இல் நோய்ப்படுக்கையில் கண்ட கனவில் இறக்கை முளைத்த கழுதை, கொம்பு வைத்த சேவல் என விசித்திர உயிர்களைக் கண்டு, அவற்றைக் காகிதத்தில் செய்தார். வஹாக்காவிலோ, அர்ராசோலா ஊரின் மனுவேல் ஹிமெனெஸ் (1919–2005) மரத்தில் விலங்குகள் செதுக்கி விற்றுவந்தார். அவர் வழியில் அர்ராசோலா, தில்கஹெதே, லா உனியோன் தெஹாலாபான் என மூன்று ஊர்கள் செதுக்கும் ஊர்களாயின. 1980களில் அமெரிக்க வியாபாரிகள் மொத்தமாக வாங்கத் தொடங்கியதும் தொழில் பெருகியது; லினாரெஸின் உருவங்களுக்கு இருந்த பெயர் மர உருவங்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

மரம் கோப்பல். நம் குந்திரிக்க மரத்தின் குடும்பம். இதன் பிசினையும் அங்கே தூபம் போடுகிறார்கள். ஈரமாக இருக்கும்போது மெத்தென்று செதுக்க வரும். அரிவாள், உளி, சமையலறைக் கத்தி போதும். பிறகு உருவத்தின் பருமனைப் பொறுத்து வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ காய வேண்டும். காயும்போது விடும் வெடிப்புகளை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து, உப்புக்காகிதம் தேய்த்து, அப்புறம்தான் வண்ணம்.

செதுக்குவதைவிட வண்ணம் பூசுவதற்கு நேரம் அதிகம் என்பதை வாங்குகிறவர்கள் பலரும் யோசிப்பதில்லை. புள்ளி வைப்பது, அதன்மேல் புள்ளி, அதைச் சுற்றிக் கோடு. மெல்லிய தூரிகை முனையில் நாட்கள் போய்விடும். பல வீடுகளில் செதுக்குவது ஆண்கள், பூசுவது பெண்கள். அடியில் போடும் கையெழுத்து பெரும்பாலும் ஆணுடையது. வாங்கும்போது ‘யார் வண்ணம் பூசியது?’ என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அவர் பெயரையும் அடியில் எழுதித் தரச் சொல்லுங்கள். சந்தோஷமாக எழுதித் தருவார்கள். தில்கஹெதேயில் ஹாகோபோ ஆங்கெலெஸ், மரியா ஆங்கெலெஸ் தம்பதி இருவர் பெயரிலுமே பட்டறை நடத்துவது இந்த வகையில் நல்ல முன்னுதாரணம். அவர்கள் பட்டறைப் பொருட்கள் நம் பட்ஜெட்டுக்கு வெகு தூரம். ஆனால் அங்கே மரம் செதுக்குவதிலிருந்து இயற்கை வண்ணம் கலப்பது வரை பார்க்க முடியும், கண் பழகும். அதே ஊரின் பக்கத்துத் தெருக்களில் பெயர் பெறாத குடும்பங்கள் செய்யும் சின்ன முயலும் ஆமையும் அரை நாள் வேலைக்குரிய விலையில் கிடைக்கும். 2025 கூலிக் கணக்கில் அரை நாள் என்பது 139 பெசோ. அதையொட்டிய விலையில் கையகல விலங்கு ஒன்று கிடைத்தால் அது நியாயமான மலிவு.

மலிவான பொருளில் பார்க்க வேண்டியது புள்ளிகளின் எண்ணிக்கையை அல்ல. விலங்கு நிற்கும் நிலை, கழுத்தின் திருப்பம், செதுக்கிய கை அந்த உயிரைப் பார்த்திருக்கிறதா என்பது. இரண்டே வண்ணம் பூசிய, உயிருள்ள ஒரு நாய், அவசரத்தில் ஆயிரம் புள்ளி வைத்த டிராகனைவிட வீட்டில் நெடுநாள் நிற்கும். லா உனியோன் ஊரின் எளிய, பழைய பாணி உருவங்களை இந்தக் காரணத்துக்காகவே தேடிப் போகலாம்.

உண்மையிலேயே மலிவானவை

சில தொழில்களில் முறையே மலிவுக்கு இடம் கொடுக்கிறது. பூப்ளா மாநிலத்தின் சான் சல்வடோர் உவிஸ்கொலோத்லா ஊரில் வெட்டும் காகிதத் தோரணங்களைப் பாருங்கள். ஐம்பது வண்ணக் காகிதங்களை அடுக்கி, மேலே மாதிரிப் படத்தை வைத்து, உளியால் ஒரே முறை வெட்டுகிறார்கள். ஒரு வெட்டுக்கு ஐம்பது பிரதிகள். விலை குறைவாக இருந்தும் உழைப்புக்குக் கூலி கிடைக்க வழி இருப்பது இதனால்தான். 1998இல் பூப்ளா அரசு இதைத் தன் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. இறந்தோர் நாளை ஒட்டி வஹாக்கா தெருக்கள் முழுக்க இவை தொங்கும். பிளாஸ்டிக்கிலும் வருகிறது, மழைக்குத் தாங்கும் என்பது தவிர அதில் ஒன்றுமில்லை. வெளிச்சம் ஊடுருவும் அழகு மெல்லிய காகிதத்துக்குத்தான்.

வஹாக்கா நகரிலேயே தகர வேலை இருக்கிறது. மெல்லிய தகரத்தை வெட்டி, ஆணிமுனையால் தட்டிக் கோலம் போட்டு, வண்ணம் பூசிய இதயங்கள், சூரியன்கள், கண்ணாடிச் சட்டங்கள். எடை இல்லை, உடையாது, பெட்டியில் துணிகளுக்கு இடையே கிடக்கும். ஒரு சுவரை நிரப்ப வேண்டும் என்றால் இதைவிடக் குறைந்த செலவில் ஆகாது. ஆறேழு தகர இதயங்களை வெவ்வேறு அளவில் வாங்கி ஒரு வெள்ளைச் சுவரில் மாட்டிப் பாருங்கள்.

சான் அகுஸ்டின் எட்லா ஊரில் கையால் காகிதம் செய்யும் பட்டறை இருக்கிறது. ஓவியர் ஃபிரான்சிஸ்கோ தொலேதோ (1940–2019) முயற்சியில் உருவானது. உள்ளூர் நார்களில் செய்த காகிதத்தில் அவருடைய வெட்டுக்கிளி, தேள், முதலை உருவங்கள் அச்சான பட்டங்கள் அங்கே கிடைக்கும். பெரிய கலைஞர் ஒருவரின் கற்பனையைச் சாதாரண விலைக்கு வீட்டுச் சுவரில் மாட்ட முடிவது அபூர்வம். இந்த ஆய்வில் ஒரே ஒரு பொருளைப் பரிந்துரைக்கச் சொன்னால் அந்தப் பட்டத்தைத்தான் சொல்வேன்.

ட்லகொலூலா ஞாயிறு சந்தையில் நாணல் கூடை, பனையோலைப் பாய், பிளாஸ்டிக் பட்டையில் பின்னிய வண்ணப் பைகள். இந்தப் பைகளைப் பார்க்கும் தமிழருக்கு நம் ஒயர் கூடை ஞாபகம் வராமல் போகாது. இவை சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்தவை அல்ல, உள்ளூர்ப் பெண்கள் காய்கறி வாங்கக் கொண்டுபோகும் பைகள். அதனால் விலையும் உள்ளூர் விலை. ஹாலியேசாவின் இடுப்புத்தறியில் நெய்த பருத்தி மேசைத் துண்டுகளையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாம்.

பச்சைக் கிண்ணத்தில் ஈயம்

நகரத்துக்கு வடமேற்கே சாந்தா மரியா அட்சோம்பா ஊரின் பச்சை மெருகு பூசிய கிண்ணங்களும் குடுவைகளும் பார்க்க அழகு, விலையும் குறைவு. மெக்சிகோ முழுவதுமே குறைந்த வெப்பத்தில் சுடும் மெருகுப் பாத்திரங்களில் பரம்பரையாக ஈய ஆக்சைடு கலப்பார்கள்; பளபளப்பு அதனால் வருகிறது. எலுமிச்சை, தக்காளி, புளி போன்ற புளிப்புள்ள உணவில் ஈயம் கரைந்து இறங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் செய்யும் கேடு திரும்பச் சரிசெய்ய முடியாதது. 1974இல் தொடங்கிய அரசு நிறுவனமான ஃபோனார்ட் ஈயமில்லாத மெருகுக்குக் குயவர்களை மாற்றும் பணியைச் செய்துவருகிறது. பலர் மாறியும் இருக்கிறார்கள். ‘சின் ப்லோமோ’ (ஈயம் இல்லாதது) என்று உறுதி சொல்லி, முத்திரையும் காட்டினால் சாப்பிட வாங்குங்கள். இல்லையென்றால் அலமாரியில் வைக்க மட்டும். விலை குறைவு என்பதற்காக இதில் சமரசம் செய்யவே கூடாது. அட்சோம்பாவில் மெருகு பூசாத மண் பொம்மைகளும் உண்டு. தியோடோரா பிளாங்கோ (1928–1980) தொடங்கிவைத்த பாணியில், பெண் உருவத்தின் உடையெல்லாம் மண்ணாலேயே பூத்தையல் போட்டதுபோல இருக்கும். அலங்காரத்துக்கு அவையே மேல்.

யாரிடம் வாங்குவது

ஊருக்கே போய்ச் செய்பவரிடம் வாங்குவதுதான் எப்போதும் நியாயம், இடைத்தரகர் எல்லாம் சுரண்டுபவர் என்று ஒரு பேச்சு இருக்கிறது. பாதிதான் உண்மை. தெயோடிட்லானின் முதன்மைத் தெருவில் உள்ள பெரிய வீடுகள் சிலவற்றில் நெசவு செய்துகாட்டுவது அந்தக் குடும்பம், விற்பது மற்ற வீடுகளில் கூலிக்கு நெய்த விரிப்புகள். சுற்றுலா வண்டியை அங்கே கொண்டுவந்து நிறுத்தும் வழிகாட்டிக்குக் கமிஷனும் அந்த விலையில்தான் அடங்குகிறது. ஆகவே வண்டியில் போகாமல் தனியாகப் பேருந்திலோ பகிர்வு டாக்சியிலோ போய், உள்தெருக்களில் தறிச் சத்தம் கேட்கும் வீட்டைத் தட்டுங்கள்.

மறுபக்கம், சுற்றுலாப் பயணி எட்டிக்கூடப் பார்க்காத மலைக் கிராமங்களில் நெய்யும் பெண்களுக்கு நகரக் கடை இல்லாமல் வழியில்லை. வஹாக்கா நகர மையத்தில் சிங்கோ தெ மாயோ தெருவில் மாநிலத்தின் பல பகுதிகளைச் சேர்ந்த பெண் கைவினைஞர்கள் சேர்ந்து நடத்தும் ‘மாரோ’ கடையில் விலை சந்தையைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கலாம். கொடுக்கலாம். பணத்தை முன்கூட்டியே கொடுத்து வாங்கி வைக்கும் கடைக்காரர், விற்றால்தான் காசு என்று பொருளை வாங்கி வைப்பவரைவிட மேலானவர். ‘நீங்கள் விலைக்கு வாங்கி வைத்திருக்கிறீர்களா, விற்ற பிறகு கொடுப்பீர்களா?’ என்று கேட்பதில் தப்பே இல்லை.

நகலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதால்கோ மாநிலத்தின் தெனாங்கோ தெ தோரியா பகுதி ஒட்டோமி பழங்குடிப் பெண்கள் 1960களின் வறட்சிக் காலத்தில் பிழைப்புக்காக விற்கத் தொடங்கிய பூத்தையல், இன்று உலகெங்கும் மெத்தை உறைகளில் அச்சாகி வருகிறது. வெள்ளைத் துணியில் ஒரே நிறத்திலோ பல நிறத்திலோ விலங்குகளும் செடிகளும் நிறைந்த அந்தக் கோலங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2019இல் கரோலினா ஹெரேரா நிறுவனத்தின் உடைகளில் அவை வந்தபோது மெக்சிகோவின் பண்பாட்டு அமைச்சகமே விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதியது. 2022 ஜனவரியில் பழங்குடி மற்றும் ஆப்பிரிக்க மெக்சிக மக்களின் பண்பாட்டு மரபைப் பாதுகாக்கத் தனிச் சட்டமும் வந்தது. வாங்குகிறவருக்கு அடையாளம் எளிது: துணியைத் திருப்புங்கள். கைத்தையலின் பின்பக்கத்தில் முடிச்சும் நூல் ஓட்டமும் தெரியும். அச்சில் ஒன்றும் இருக்காது. இயந்திரத் தையலில் எல்லாம் ஒரே சீராக இருக்கும். முழு மேசைவிரிப்புக்கு மாதக்கணக்கில் ஆகும், அதன் விலை நம்மால் முடியாது. சின்ன நாப்கின் ஒன்று முடியும். அதைச் சட்டமிட்டு மாட்டினால் ஓவியம்.

பேரமும் பொட்டலமும்

சந்தையில் பேரம் பேசுவது அங்கே வழக்கம்தான். செய்தவர் வீட்டில் பேசாதீர்கள். நான்கைந்து பொருள் சேர்த்து வாங்கும்போது ‘சேர்த்து என்ன விலை?’ என்று ஒரு முறை கேட்பது போதும், அவர்களே குறைப்பார்கள். விலை கட்டாவிட்டால் சின்னப் பொருளுக்கு மாறுங்கள். சூளையில் லேசாகக் கோணிய ஜாடி, வண்ணம் ஒட்டாத விலங்கு இருக்கிறதா என்றும் கேட்கலாம். பல வீடுகளில் ஒரு மூலையில் ஒதுக்கி வைத்திருப்பார்கள், பாதி விலைக்குத் தருவார்கள். ஜூலை மாதம் கெலகெட்சா விழாவும், நவம்பர் தொடக்கத்தில் இறந்தோர் நாளும் வரும். அந்த வாரங்களில் தங்கும் செலவே பட்ஜெட்டைத் தின்றுவிடும்; பொருளுக்காக மட்டும் போகிறவர் வேறு மாதம் போகலாம்.

பொருளைவிட அதை அனுப்பும் செலவு அதிகமாகும் சந்தர்ப்பங்கள் நிறைய. துணி, காகிதம், தகரம் மூன்றும் கைப்பெட்டியில் வந்துவிடும். கறுப்பு ஜாடியை உள்ளே துணி அடைத்து, வெளியே விரிப்பைச் சுற்றி, பெட்டியின் நடுவில் வையுங்கள். வாயும் கைப்பிடியும் எதிலும் முட்டக் கூடாது. மர விலங்குகளின் காது, வால் கழற்றி மாட்டும்படி செய்திருந்தால் தனியாகக் கழற்றிச் சுற்றுங்கள். எந்தத் துளைக்கு எது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

கோப்பல் மரத்தில் துளைப்பூச்சி இருக்க வாய்ப்புண்டு. வாங்கும்போதே ஊசிமுனை அளவு துளைகளும், கீழே மாவுபோலத் தூளும் இருக்கிறதா என்று பாருங்கள். வீடு வந்ததும் பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி, உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்து எடுங்கள். எடுத்த உடனே பையைப் பிரிக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரும்வரை விட்டுவிட்டுப் பிரித்தால் ஈரம் படிந்து வண்ணம் கெடாது.